அயிரை: மணல் இருந்தால்தான் மீன் இருக்கும்



போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கிற சின்ன ஏரியைப் பஞ்சாயத்தில் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கலாமா என்று யோசனை. மீன் வளர்த்துப் பழகிய ஒருவரைக் கூப்பிட்டு விவரம் கேட்டோம். அவரும் வந்து கட்லா எவ்வளவு, ரோகு எவ்வளவு, எத்தனை மாதத்தில் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

"குஞ்சு விடறதுக்கு முன்னாடி ஏரியில இருக்கிற களை மீனையெல்லாம் சாகடிக்கணும். இலுப்பைப் புண்ணாக்கு போட்டா ஒண்ணும் மிஞ்சாது" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

மூலையில் உட்கார்ந்திருந்த எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், "களை மீனுன்னா எதுப்பா?" என்று கேட்டார்.

"பொடி மீனுங்கதாம்மா. குட்டிக் கெண்டை, அசரை, இந்த மாதிரி."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பெரிய மீனை நீங்க வித்துடுவீங்க. பொடி மீனையும் கொன்னுட்டா வூட்ல கொழம்புக்கு எது?" என்றார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு எடுக்காமலே கூட்டம் கலைந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

அயிரை என்பது எது?

அயிரை, அசரை என்று ஊருக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஒரு விரல் நீளம்கூட வராது. மங்கலான மஞ்சள் உடம்பு, பக்கவாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள், வாயைச் சுற்றி குட்டிக் குட்டி மீசை. செதில் இருப்பதே தெரியாது, அவ்வளவு பொடி. கையில் பிடித்தால் வழவழவென்று நழுவிப் போய்விடும். கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முள் வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அதை நீட்டிக்கொள்ளும். சிறு வயதில் வாய்க்காலில் அயிரை பிடித்தவர்களுக்கு அந்த முள் குத்திய நினைவு இருக்கும்.

தமிழில் 'அயிர்' என்ற சொல்லுக்கு நுண்மணல் என்று ஒரு பொருள் உண்டு. மீனின் பேரிலேயே மணல் இருக்கிறது பாருங்கள். குறுந்தொகையிலும் அயிரை மீன் வருகிறது. அப்படியென்றால் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக நம் ஆட்களுக்கு இந்த மீனைத் தெரியும்.

விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பேர் 'லெப்பிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்'. வாயில் நுழையாத பேர்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அந்த வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனை வைத்து 1846இல் வாலன்சியென் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பற்றி எழுதினார். 'தெர்மாலிஸ்' என்றால் வெப்பத்தோடு சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு, ஏரி, குட்டை, வயல் வாய்க்கால் எங்கும் வாழ்கிற மீன் இது.

மணலுக்குள் எப்படி வாழ்கிறது?

அயிரையின் வீடு தண்ணீருக்கு அடியில் இருக்கிற மணல். கொக்கோ விராலோ வந்தால் ஒரு நொடியில் மணலுக்குள் புதைந்துவிடும். தலை மட்டும் வெளியே தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. மணலில் இருக்கிற பூச்சிப் புழு, பாசி, மக்கிய பொருள் எல்லாவற்றையும் மீசையால் தடவிப் பார்த்துத் தின்னும். மற்ற மீனின் குஞ்சைத் துரத்திப் பிடித்துத் தின்கிற வாய் அதற்குக் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொரு ஆச்சரியம், அது மூச்சு விடுகிற விதம். எல்லா மீனையும் போல செவுளால் மூச்சு விடும். கோடையில் தண்ணீர் குறைந்து, சூடாகி, தண்ணீரில் காற்று போதாமல் போனால், மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டு அடிக்குப் போய்விடும். விழுங்கிய காற்றில் இருக்கிற பிராண வாயுவைக் குடல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் பின்பக்கம் குமிழியாக வெளியே வரும். குடத்துத் தண்ணீரில் அயிரையைப் போட்டு வைத்தவர்கள் இந்தக் குமிழியைப் பார்த்திருப்பீர்கள். இதனால்தான் மற்ற மீன் செத்துப் போகிற தண்ணீரிலும் இது உயிரோடு இருக்கிறது. ஈர மணலுக்குள் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். மணல் சுத்தமாகக் காய்ந்துபோனால் அதுவும் சாகும்.

மழைக்காலம்தான் இதன் இனப்பெருக்கக் காலம். புது வெள்ளம் வரும்போது கூட்டம் கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு வரத்து வாய்க்காலில் ஏறும். நாம் பறி வைத்தும் பழைய சேலையை விரித்தும் பிடிப்பது அப்போதுதான். அந்த நேரம் வயிறு உப்பியிருக்கிற மீனெல்லாம் சினை மீன்.

நம் மாவட்டத்தில் காவிரியும் சின்னாறும் ஒகேனக்கல்லில் சேர்கின்றன. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் தேங்கு நீர் நாகமரை, ஏமனூர் வரை நிற்கிறது. தென்பெண்ணை, வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி என்று ஆறுகளும் அணைகளும் இருக்கின்றன. அதற்கு மேல் ஊருக்கு ஒரு ஏரி, குட்டை. தண்ணீரும் மணலும் சேர்ந்து இருக்கிற இடமெல்லாம் அயிரைக்கு ஊர்தான்.

பொடி மீனில் என்ன சத்து?

பெரிய மீனைச் சாப்பிடும்போது சதையை எடுத்துக்கொண்டு முள்ளையும் தலையையும் போட்டுவிடுகிறோம். அயிரையை அப்படியே முழுசாகச் சாப்பிடுகிறோம். முள்ளோடு சாப்பிடுவதால் அதிலிருக்கிற கால்சியம், எலும்புக்கு வேண்டிய சத்து, அப்படியே உடம்பில் சேர்கிறது. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கும் இது ரொம்ப முக்கியம்.

இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், கீரை சாப்பிடச் சொல்கிறார்கள். கீரையில், ராகியில் இருக்கிற இரும்பு உடம்பில் முழுதாகச் சேராது. கூடவே கொஞ்சம் மீனோ கறியோ சேர்த்துச் சாப்பிட்டால் அந்த இரும்பு நன்றாகச் சேரும். நம் பெரியவர்கள் ராகிக் களிக்கு அயிரைக் குழம்பு வைத்தது ருசிக்காக மட்டும்தானா என்று இப்போது யோசித்துப் பாருங்கள். இதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை மாத்திரைதான், சாப்பாடு சாப்பாடுதான்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். பெரிய மீன் ஒன்று வீட்டுக்கு வந்தால் நடுத்துண்டு யாருக்குப் போகிறது? வீட்டுக்காரருக்கு, பையனுக்கு. நமக்கு வாலும் சாறும். பொடி மீன் குழம்பில் நடுத்துண்டு கிடையாது. கரண்டியில் அள்ளினால் எல்லோருக்கும் நாலு மீன் விழும். அம்மாவுக்கும் பெண்பிள்ளைக்கும் பங்கு வருகிற மீன் இது.

வங்காளதேசப் பெண்கள் கற்றுக்கொடுத்த பாடம்

எங்கள் குழுவில் வந்த அதே கேள்வி பல வருடத்துக்கு முன்பே வங்காளதேசத்தில் வந்திருக்கிறது. அங்கேயும் குளத்தில் கெண்டை வளர்ப்பதற்கு முன்னால் மருந்து போட்டுப் பொடி மீனை அழிக்கும் வழக்கம் இருந்தது. அங்கேயும் அதற்குக் களை மீன் என்றுதான் பேர்.

சகுந்தலா தில்ஸ்டெட் என்ற சத்துணவு விஞ்ஞானி அங்கே வேலை செய்தார். டிரினிடாட் தீவில், இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். கிராமத்துப் பெண்களோடு பேசிப் பழகியபோது அவர்கள் பொடி மீனை எவ்வளவு உயர்வாக நினைக்கிறார்கள் என்று கவனித்தார். மீனைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்தார்கள். 'மோலா' என்ற சின்ன மீனில், கண்பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ மிக அதிகமாக இருந்தது. அந்தச் சத்து கண்ணிலும் தலையிலும் உள்ளுறுப்புகளிலும்தான் நிறைய. அதாவது நாம் கிள்ளி எறிகிற இடத்தில்!

அதற்குப் பிறகு மருந்து போடாமல், ஒரே குளத்தில் கெண்டையையும் மோலாவையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். கெண்டை மகசூல் குறையவில்லை. கெண்டை சந்தைக்குப் போனது, மோலா வீட்டுச் சட்டிக்கு வந்தது. இந்தப் பணிக்காக 2021இல் தில்ஸ்டெட்டுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

மோலாவும் அயிரையும் ஒரே மீன் கிடையாது. மோலாவில் இருக்கிற அளவு வைட்டமின் ஏ அயிரையிலும் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'களை' என்று ஒதுக்குவதற்கு முன்னால் அதைச் சமைக்கிற பெண்களைக் கேட்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். எங்கள் குழுவின் அந்த அம்மா கேட்டதும் இதைத்தான்.

புண்ணாக்கு போடாமல் மீன் வளர்க்க முடியுமா?

மீன் வளர்ப்பவர்கள் புண்ணாக்கு போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. விரால், கெளுத்தி மாதிரி மீன்கள் நாம் காசு கொடுத்து வாங்கி விடுகிற குஞ்சைத் தின்றுவிடும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு என்பது அவர்கள் சொல்கிற அளவு. அதன் விஷம் இரண்டு மூன்று வாரம் இருக்கும், பிறகு அதுவே உரமாகிவிடும். ஆனால் விரால் சாகும்போது அயிரையும் சேர்ந்து சாகிறது. குஞ்சைத் தின்னாத மீனுக்கும் அதே தண்டனை.

இதற்கு மாற்று வழி:

1. கோடையில் தண்ணீர் குறையும்போது பெரிய கண் வலையைத் திரும்பத் திரும்ப இழுத்து விரால், கெளுத்தியைப் பிடித்து எடுங்கள். பொடி மீன் வலைக்கண்ணில் தப்பிவிடும். பிடித்த விராலுக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

2. பொடிக் குஞ்சு வாங்கி விடாமல், 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சாக வாங்கி விடுங்கள். விலை கூடத்தான். ஆனால் தப்பிப் பிழைப்பது அதிகம்.

3. கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில் மேயும், மிர்கால் அடியில் மேயும். சாதாக் கெண்டையும் அடியில்தான் மேயும், தரையைக் கிளறிக்கொண்டே இருக்கும். அயிரைக்கும் இடம் வேண்டுமென்றால் அடியில் மேய்கிற மீனைக் குறைவாக விடுங்கள்.

4. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அரசு தடை செய்த மீன் அது. கண்ணில் பட்டதையெல்லாம் தின்றுவிடும். வெள்ளத்தில் தப்பினால் ஆற்றையும் காலி செய்யும்.

குத்தகை எடுக்குமுன் மீன்வளத்துறை அலுவலகத்துக்கு இரண்டு பேர் போய், "பொடி மீன் சாகாமல் வளர்க்க வழி சொல்லுங்க" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால்தான் அதற்கான பதில் கிடைக்கும்.

மணல் போனால் மீனும் போகும்

கட்லா, ரோகு குஞ்சை விலைக்கு வாங்கி விடலாம். அயிரைக் குஞ்சு அப்படி எளிதாகக் கிடைக்காது. அது தானாக வந்தால்தான் உண்டு. வருவதற்கு மூன்று வேண்டும்: அடியில் மணல், கோடையிலும் கொஞ்சம் ஈரம், மழைக்கு ஏறி வர அடைபடாத வாய்க்கால்.

மணலை அள்ளிக்கொண்டு போனால் அயிரைக்கு ஒளிய இடமில்லை, மேய இடமில்லை. நமக்கும் நஷ்டம்தான். ஆற்று மணல் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாகக் கிணற்றுக்கு விடுகிறது. மணல் போன ஆற்றங்கரையில் கிணறு வற்றுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடப்பதும் நாம்தான். அயிரைக்கு வீடு போகிறது, நமக்குத் தண்ணீர் போகிறது.

சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் வந்து சேர்ந்தாலும் மணல் கறுத்துச் சேறாகிவிடும். வயலில் அடித்த பூச்சிமருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவினால் மணலில் இருக்கிற புழுவும் சாகும், அதைத் தின்கிற மீனும் சாகும். தோட்டா போட்டும் கரண்ட் வைத்தும் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். மனித உயிருக்கும் ஆபத்து.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கில் அயிரை அழிந்துகொண்டிருக்கிற மீன் கிடையாது. அது சந்தோஷம். ஆனால் உலகத்தில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, நம் ஊர் ஏரியில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மதுரைப் பக்கம் அயிரைக் குழம்புக்குப் பேர் போன சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அங்கே உயிர் அயிரை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகிறது. ஒரு காலத்தில் சேலைத் தலைப்பில் அள்ளி வந்த மீன், இன்று காசுள்ளவர்கள் சாப்பிடும் மீனாகிக்கொண்டிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஏரி தூர் வாரும்போது வண்டலை எடுக்கட்டும், அது வயலுக்கு உரம். ஆனால் அடி மணலையும் சேர்த்துச் சுரண்டாமல், ஒரு மூலையில் ஆழமான மடு ஒன்றை மணலோடு விட்டுவைக்கச் சொல்லுங்கள். கோடையில் மீன் ஒதுங்க அது போதும்.

முதல் வெள்ளத்தில் ஏறும் மீனைச் சில நாள் விட்டுவிடுங்கள். முட்டையிட்ட பிறகு பிடிக்கலாம். கொசுவலையால் வாய்க்காலை முழுசாக மறிக்க வேண்டாம். வரத்து வாய்க்காலில் குப்பை அடைத்திருந்தால் மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கும் தமிழ்நாட்டில் கிராம சபை உண்டு. ஏரி, வாய்க்கால், மணல் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் ஏது? தனியாக ஒருவர் எழுந்து மணலைப் பற்றிப் பேசினால் பகை வரும் என்ற பயம் நியாயமானது. அதனால் குழுவில் முதலில் தீர்மானம் போட்டு, நாலைந்து குழு சேர்ந்து, எழுத்தில் கொடுங்கள்.

1989இல் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு சேர்ந்திருந்தது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்த அந்தக் குழுக்களில் பெண்கள் சேமித்தது சில்லறைக் காசு. "இது என்னத்துக்கு ஆகும்" என்று சிரித்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். பொடி மீனைப் பார்த்து இப்போது யாராவது அப்படிக் கேட்டால் நமக்குப் பதில் தெரியும்.

அயிரை கழுவும் முறை

உயிர் அயிரையை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டால் மண்ணைக் கக்கும். சிலர் பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விடுவார்கள். பிறகு கல் உப்புப் போட்டு மண்சட்டியில் வைத்து நன்றாக உரசி, வழவழப்பு போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். குழம்பு கொதித்து, புளி வாசனை போன பிறகு கடைசியில் மீனைப் போட்டால் போதும். சீக்கிரம் வெந்துவிடும், கிளறினால் உடையும். சின்னக் குழந்தைக்குக் கொடுக்கும்போது காரம் இல்லாமல் வேகவைத்து, முள் இருக்கிற தலையைக் கிள்ளிவிட்டு, மசித்துக் கொடுங்கள்.

எங்கள் குழு இந்த மாதக் கூட்டத்தில் முடிவு எடுத்துவிட்டது. குத்தகை கேட்கப் போகிறோம். புண்ணாக்கு போடுவதில்லை, விராலை வலை போட்டுத்தான் எடுப்பது, வாரம் ஒருநாள் பிடிக்கிற பொடி மீனை விற்காமல் உறுப்பினர் வீடுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொள்வது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து அந்த அம்மாவுடையது. லாபம் எப்படி இருக்கிறது என்று அடுத்த வருடம் எழுதுகிறேன். நஷ்டம் வந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. உங்கள் ஊர் ஏரியில், வாய்க்காலில் கடைசியாக அயிரை பார்த்தது எப்போது? மூத்த உறுப்பினர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

2. உங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு முன் நாலு பேர் நடந்து போய்ப் பார்த்து வருவீர்களா?

3. உங்கள் வீட்டில் போன வாரம் மீன் சமைத்தீர்களா? உங்கள் தட்டில் எவ்வளவு விழுந்தது?

4. அடுத்த கிராம சபையில் ஏரியைப் பற்றி யார் பேசுவது? பேரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.